தோள்மேல் நான்கு விரல்கள்

பாப்பாரப்பட்டியில் நான் வேலை செய்யும் கடைக்குப் படம் போட வருகிறவர்கள் முதலில் கேட்பது அருவி. பின்னால் அருவி விழ வேண்டும், முன்னால் ஒரு ஜோடி அன்னம் நீந்த வேண்டும், நடுவில் அவர்கள் நிற்க வேண்டும். பஸ் ஏறினால் ஒகேனக்கல் வந்துவிடும். அந்த அருவியையே போடட்டுமா என்றால் வேண்டாம் என்பார்கள். அங்கே மீன் வறுக்கிற புகை இருக்கும், எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் இருப்பார்கள். இவர்களுக்கு வேண்டியது யாருமே போய்ப் பார்த்திராத அருவி. அப்படி ஒன்றைக் கணினியில் நீல நிறத்தில் வைத்திருக்கிறோம். சித்திரை பிறப்பதற்குள் கிணறு வற்றிப்போகிற ஊர்க்காரர்கள் அதன் முன்னால்தான் நிற்கிறார்கள்.

அருவிக்கு அடுத்தபடி பல். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை ஏறியிருக்கும், தேய்த்தாலும் போகாது. அதனால் கேமரா முன்னால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார்கள். எடுத்து முடித்ததும், “கொஞ்சம் சிரிக்கிற மாதிரி பண்ணிடுங்க, பல்லு வெள்ளையா தெரியட்டும்” என்பார்கள். மூடிய வாயை நான் திறந்து உள்ளே வேறு யாருடைய பல்லையோ வைக்க வேண்டும். கழுத்துக் கருப்பு போக வேண்டும், கன்னத்துத் தழும்பு போக வேண்டும், நிறம் இரண்டு படி ஏற வேண்டும். இத்தனைக்கும் கடையில் ஒரே வார்த்தை, டச்சிங்.

டச்சிங்குக்கும் மேலே ஒன்று உண்டு, ஜாயிண்ட். சேர்ந்து நின்று ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாமல் காலம் தள்ளிய புருஷன் பெண்டாட்டியை, வேறு வேறு போட்டோக்களிலிருந்து வெட்டி எடுத்து ஒன்றாக நிற்க வைப்பது. ரேஷன் கார்டில் முறைத்துக்கொண்டிருக்கும் தலையைக் கொண்டுவந்து, பட்டுச்சேலை கட்டிய தயார் உடம்பு ஒன்றின்மேல் பொருத்துவோம். அந்த உடம்புகளுக்கென்றே ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் மாம்பழக் கலர் பட்டு கட்டிய ஒரு பெண் உடம்புக்குத்தான் கிராக்கி. ஒரே தெருவில், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடுகளில், அந்த ஒரே உடம்பு எதிரெதிராகத் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். தலைகள் மட்டும்தான் பகையாளிகள். இரண்டு வீட்டுக்காரர்களும் அதைக் கவனித்ததில்லை.

எனக்கு இதெல்லாம் அறவே பிடிக்காது. நான் சேலத்தில் இரண்டு வருஷம் ஓவியம் படித்தவள். கரித்துண்டால் முகம் வரைவதில் வகுப்பில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. உள்ளது உள்ளபடி, அதுதான் என் கட்சி. சுருக்கம் இருந்தால் சுருக்கம், மாறுகண் இருந்தால் மாறுகண். முகத்தில் இருப்பதைப் பார்க்கத் தைரியம் இல்லாதவர்கள்தான் அருவியையும் அன்னத்தையும் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். கடையில் உட்கார்ந்து பல் வெளுக்கும்போதெல்லாம் வாடிக்கையாளர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருப்பேன். வேலையில் மட்டும் குறை வைக்க மாட்டேன்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம், மாமியாருடைய கையை வரைந்தேன். அவருக்கு வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் கிடையாது. சோளத்தட்டு வெட்டும் மிஷினில் போய்விட்டன. மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது அந்தக் கை மடிமேல் மல்லாந்து கிடக்கும். மற்ற நேரங்களில் முந்தானைக்குள் ஒளிந்திருக்கும், சாப்பிடும்போது மட்டும் வெளியே வரும். சோறு அந்த மூன்று விரல்களில் நிற்காமல் சிந்துவதால் அவர் மூன்று வேளையும் களிதான் தின்பார்.

மூன்று மத்தியானங்கள் வரைந்தேன். விரல் முடிகிற இடத்தில் தோல் உள்வாங்கிச் சுருங்கியிருந்ததை அப்படியே கொண்டுவந்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் வரைந்த நல்ல படம் அதுதான். அவரிடம் ஆசையாகக் கொண்டுபோய் நீட்டினேன்.

“என்ன கண்ணு இது?” என்றார்.

“உங்க கைங்க அத்தை.”

கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து பின்பக்கம் போய், தண்ணீர் காய்ந்துகொண்டிருந்த அடுப்பில் அதைச் சுருட்டி வைத்தார்.

“கரியில வரைஞ்சதுதான, அடுப்புலயே இருக்கட்டும்” என்றார்.

நான் கல்லூரியிலிருந்து கொண்டுவந்திருந்த மற்ற படங்கள் ஒரு சுருளாக பீரோமேல் இருந்தன. அடுத்த வாரம் அவை சமையலறை அலமாரித் தட்டுகளில் பாத்திரங்களுக்கு அடியில் விரித்துக் கிடந்தன. என் ஆசிரியரின் முகத்துமேல் பருப்பு டப்பா உட்கார்ந்திருந்தது. கேட்டதற்கு, “கருப்புப் படம் சுவத்துல இருந்தா எழவு வூடாட்டம் இருக்கும், இங்கனயாவது உபயோகப்படட்டும்” என்றார். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, “எம் மருமக செத்தவங்களுக்குப் படம் போடற வேல பாக்கறா” என்று அறிமுகப்படுத்துவார். நான் அன்றைக்கே மனதில் ஒன்றை முடிந்து வைத்துக்கொண்டேன். ஒன்பது வருஷம் அவிழ்க்கவில்லை.

மாமனார் இந்த வீட்டில் இல்லை. என் கணவர் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே ஓசூர்ப் பக்கம் லாரி ஓட்டப் போனவர், அங்கேயே வேறொரு பெண்ணோடு குடும்பமாகிவிட்டார். அவர்களுக்கும் ஒரு மகன் இருக்கிறான். மாமியார் கழுத்தில் தாலியைக் கழற்றவில்லை, நெற்றியில் குங்குமத்தையும் விடவில்லை. ஆனால் மாமனார் பேச்சை எடுத்தால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். மாமனாருக்கு ஒரு அக்கா கம்பைநல்லூரில் இருக்கிறார், மாமியாருக்கு நாத்தனார். அந்த அம்மா இரண்டு பக்கமும் போய் வருவார், ஓசூர் வீட்டிலும் விருந்து சாப்பிடுவார், எங்கள் வீட்டுக்கும் வந்து உட்காருவார். ஒரு கல்யாணத்தில் பந்தியில் எல்லாரும் கேட்கும்படி, “கட்டிக்கிட்டவன் போட்டோகூட மாட்டாத வூடு எங்க தம்பி வூடு ஒண்ணுதான்” என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். மாமியார் பாதி இலையில் எழுந்து வந்துவிட்டார்.

அதனால்தான் ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டி முடித்தபோது, புதுமனை புகுவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் மாமியார் என்னிடம் வந்து நின்றார். அவர் என்னிடம் வந்து நிற்பது அதுவே முதல் தடவை.

“கண்ணு, எனக்கும் அவருக்கும் ஒரு ஜாயிண்ட் போட்டுக் குடு. வாசப்படி ஏறினதும் எதுத்தாப்புல தெரியற மாதிரி மாட்டணும். அந்த நாத்தனா வருவா இல்ல, அவ கண்ணுல மொதல்ல அதுதான் படணும்.”

“உள்ளது உள்ளபடிதாங்க எனக்கு வரும் அத்தை” என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

“ஊருக்கெல்லாம் போடற. எனக்குப் போட மாட்டியா?” என்றார். அந்த வலது கை முந்தானைக்குள் அசைந்தது.

சரி என்றேன். மாமியாரை வேப்பமரத்து நிழலில் நிற்க வைத்து நானே போட்டோ எடுத்தேன். வழக்கம்போல வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். உடம்பு எது வேண்டும் என்று கேட்டதற்கு, யோசிக்காமல் மாம்பழக் கலர் பட்டு என்றார். ஊரில் எல்லா வீட்டிலும் அதைப் பார்த்து வைத்திருக்கிறார்.

மாமனார் போட்டோவுக்கு என் கணவரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி, போனை எடுத்து, பாட்டு ஃபோல்டருக்குள் ஒளித்து வைத்திருந்த ஒரு படத்தைக் காட்டினார். ஓசூர்த் தம்பியின் ஸ்டேட்டஸிலிருந்து எடுத்ததாம். “அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்” என்றார். படத்தில் மாமனார் வெள்ளை வேட்டி சட்டையில் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த ஓசூர்க்காரம்மா. அவர் தன் வலது கையை மாமனாரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறுபக்கத் தோளைப் பிடித்திருந்தார். தோளுக்கு மேலே நான்கு விரல்கள் தெரிந்தன. மோதிர விரலில் சிவப்புக் கல் வைத்த மோதிரம்.

அடுத்த நாள் கடையில் அந்த அம்மாவை வெட்டி எடுத்தேன். அவர் நின்ற இடத்தில் மாமியாரை வைத்தேன். பின்னால் நீல அருவியைப் போட்டு வெளிச்சத்தைச் சரி செய்தேன், மாமியாரின் வாயைத் திறந்து பல் வைத்தேன், நிறத்தை ஏற்றினேன். மீதி இருந்தது தோள்மேல் அந்த நான்கு விரல்கள். அவற்றை எடுக்கச் சட்டைத் துணியை நாலு இழுப்பு இழுத்து மூடினால் போதும், இரண்டு நிமிஷ வேலை.

நான் எடுக்கவில்லை. மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாமியாருக்குக் கண்ணில் புரை, சரியாகத் தெரியாது. ஆனால் நாத்தனாருக்குத் தெரியும். சொந்தக்காரர்களுக்கெல்லாம் மாமியாரின் வலது கையும் தெரியும். வாசப்படி ஏறுகிற ஒவ்வொருத்தரும் அந்த நான்கு முழு விரல்களைப் பார்ப்பார்கள், அது யார் கை என்று புரிந்துகொள்வார்கள், இவர் மட்டும் புரியாமல் பட்டுச்சேலையில் பல் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டு நிற்பார். என் படம் அடுப்பில் எரிந்ததற்கு அது சரியாக இருக்கும் என்று நினைத்தேன். பெரிய அளவில் பிரிண்ட் போட்டு, தங்க நிற ஃபிரேம் அடித்து, நானே ஸ்கூட்டியில் வைத்துக் கட்டிக் கொண்டுவந்தேன்.

மாமியார் படத்தைக் கட்டிலின்மேல் சாய்த்து வைத்து, முட்டி போட்டுக்கொண்டு, மூக்கு கண்ணாடியில் இடிக்கிற தூரத்துக்குப் போய்ப் பார்த்தார். சேலையைப் பார்த்தார், தன் முகத்தைப் பார்த்தார், மாமனார் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தோளுக்கு வந்தார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

இடது கை ஆள்காட்டி விரலால் கண்ணாடிமேல் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மறுபடியும் எண்ணினார்.

“கை வெச்சுட்டியா கண்ணு” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“நான் கேக்கவே இல்லியே. போன வெரலக்கூட வெச்சு முழுசாக்கிட்டியே. மோதரங்கூட போட்டிருக்கற.” முந்தானைக்குள் இருந்த வலது கையை வெளியே எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இந்தக் கையால சோறு போட்டா எறங்க மாட்டேங்குதுன்னு தட்ட நகத்திட்டாரு அவரு. அதுக்கப்பறம் ஒரு வருசங்கூட இங்க இருக்கல. வெரல் இருந்திருந்தா போயிருக்க மாட்டாருன்னு நான் நெனச்சுக்குவேன். உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

எனக்கு எதுவும் தெரியாது. மாமனார் தட்டை நகர்த்தியதை என் கணவர்கூடச் சொன்னதில்லை. நான் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. பயந்ததால் அல்ல, நான் குறிவைத்து அடித்தது படாமல் போன ஆத்திரத்தால். “காபி வேணுமா அத்தை” என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

புதுமனை புகுவிழாவுக்கு நாத்தனார் வரவில்லை. பத்திரிகையை நேரில் வந்து வைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு கம்பைநல்லூரிலேயே இருந்துவிட்டார். வந்தவர்களெல்லாம் படத்துக்கு முன்னால் நின்றார்கள். மாமியார் ஒவ்வொருத்தரிடமும், “வெரல பாத்தீங்களா? எம் மருமக வெச்சுக் குடுத்தா. டச்சிங்” என்றார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அது வேறொருத்தி கை என்று சந்தேகப்படவும் இல்லை. “என்னமா பொருந்தியிருக்குது பாரு” என்றார்கள். இரண்டு பேர் தங்களுக்கும் ஜாயிண்ட் போட வேண்டும் என்று கடைக்கு வழி கேட்டார்கள். நான் ஓரமாக நின்று சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய தண்டனை. மாமியார் என்னைக் கொஞ்ச ஆரம்பித்தார். கடையிலிருந்து வந்தால் சுடச்சுட இட்லி இருக்கும். அலமாரியிலிருந்து என் படங்களை எடுத்து, எண்ணெய்க் கறையைத் துணியால் ஒற்றி, மறுபடி சுருட்டி பீரோமேல் வைத்தார். “எம் மருமகளாட்டம் மனசு யாருக்கு வரும்” என்று பால் ஊற்ற வருகிறவரிடம் சொன்னார். ஒவ்வொரு புகழ்ச்சியும் எனக்குச் செருப்படியாக விழுந்தது. செய்யாத நல்லதுக்கு மெச்சப்படுவதைவிட, செய்த கெட்டதுக்கு உதைபடுவது மேல் என்று தோன்றியது. அந்தச் சுகத்தையும் மாமியார் எனக்குத் தரவில்லை.

ஆறேழு மாதம் அப்படிப் போனது. பிறகு என் மகளின் பள்ளிக்கூட போட்டோ வந்தது. அவளுக்கு ஏழு வயது, என் நிறம். அதாவது நல்ல கருப்பு. மாமியார் அந்தப் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, அவள் பக்கத்தில் நிற்கும்போதே, “கண்ணு, இத சுவத்துல மாட்டறதுக்கு முன்ன கொஞ்சம் டச்சிங் பண்ணி வெளுப்பாக்கிடு. புள்ள மூஞ்சி கரியாட்டம் கெடக்குது” என்றார். அவர் அதைப் பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மகள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அவளை வெளியே போய் விளையாடச் சொன்னேன். கதவைச் சாத்தினேன்.

“அத்தை, அந்தப் படத்துல இருக்கறது உங்க கை இல்லைங்க” என்றேன்.

“தெரியுதே. நீ வெச்சது.”

“நான் வெக்கல. அது அவங்க கை. ஓசூர்க்காரம்மா கை. அவங்க அவரக் கட்டிப் புடிச்சிருந்த போட்டோலேர்ந்து அவங்கள வெட்டிட்டு உங்கள ஒட்டினேன். கைய மட்டும் வேணும்னேதான் விட்டு வெச்சேன். வர்றவங்க பாத்து உங்களச் சிரிக்கணும்னு.”

நான் எதிர்பார்த்தது அழுகை. அது வந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். மாமியார் அழவில்லை. படத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு கூடத்தின் இன்னொரு சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் போட்டோவைப் பார்த்தார்.

“அதுல உம் பல்லு ஆருது?” என்றார்.

நானும் இந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தான். கல்யாண ஆல்பம் எங்கள் கடைக்குத்தான் வேலைக்கு வந்தது. நூற்று இருபது பக்கத்திலும் என் பல்லை நானே உட்கார்ந்து வெளுத்தேன். அதை ஒருவரிடமும் சொன்னதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. உள்ளது உள்ளபடி என்ற என் கட்சி என் வாய்க்குள் வரவில்லை. மாமியார் ஒன்பது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கடையில் நான் வேலையாக இருந்தபோது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். டவுன் பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறார். நாலைந்து வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையைக் காட்டி, “அந்தக் கைய எடு” என்றார்.

படத்தைத் திறந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருக்க, சட்டைத் துணியை இழுத்து முதல் விரலை மூடினேன். இரண்டாவது, மூன்றாவது. மோதிரம் போயிற்று. நான்காவதும் போன பிறகு மாமனாரின் தோள் வெறுமையாக, இஸ்திரி மடிப்போடு இருந்தது. நல்ல சுத்தமான வேலை.

மாமியார் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். தள்ளி உட்கார்ந்தும் பார்த்தார்.

“என்னாத்துக்கு இப்படி நிக்கறாங்க?” என்றார். “ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி இருக்குது.”

அது உண்மைதான். அத்தனை நேரமும் அந்தக் கைதான் இருவரையும் சேர்த்துப் பிடித்திருந்தது. அது போனதும் மாமனார் எங்கேயோ பார்த்துச் சிரித்தார், இவர் வேறெங்கேயோ பார்த்துச் சிரித்தார். நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி, அதில் அருவி விழுந்துகொண்டிருந்தது.

“நெருக்கி வெச்சுடட்டுங்களா அத்தை?”

“நெருக்கினா மட்டும்?”

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணுக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கும். மாமியார் அவளைப் பொருட்படுத்தவில்லை.

“திரும்பி வெச்சுடு” என்றார். “கை இருக்கட்டும்.”

வைத்தேன். ஒவ்வொரு விரலாகத் திரும்பி வந்தது. ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றி, “மோதிரத்தையாவது எடுத்துடட்டுங்களா?” என்றேன்.

“அத எதுக்கு எடுக்கற. அந்தாளுக்கு அந்தக் கை மோதரத்தோடதான பழக்கம்.”

அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். என்னை மன்னித்ததாக நான் நினைத்துக்கொள்ளவில்லை, அவரும் அப்படி எதுவும் காட்டவில்லை. வீட்டில் இட்லி நின்றுபோயிற்று. மகளின் போட்டோவை அதன் நிறத்திலேயே மாட்டினேன், அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஜாயிண்ட் படத்தைப் பற்றி யார் கேட்டாலும் “எம் மருமக வெச்சது” என்று சொல்வதை விட்டுவிட்டார். “என் கை” என்பார், அவ்வளவுதான்.

போன ஆடி மாதம் நாத்தனார் கோபம் தீர்ந்து வந்தார். யாருக்காக அந்தப் படம் மாட்டப்பட்டதோ அந்த அம்மா வாசப்படி ஏறி, செருப்பைக் கழற்றி, நிமிர்ந்ததும் அதைத்தான் பார்த்தார். மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், வலது கை முந்தானைக்குள். நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன்.

நாத்தனார் படத்துக்குக் கிட்டப் போனார். அவர் கண்ணுக்குப் புரையெல்லாம் இல்லை.

“இது ஆரு கை?” என்றார்.

“என் கைதான்” என்றார் மாமியார்.

“உனக்குத்தான் வெரல் இல்லியே.” சொல்லிவிட்டு இன்னும் கிட்டப் போனார். “இந்த மோதரத்த நான் பாத்திருக்கறேன். செவப்புக் கல்லு. நல்லாத் தெரியும் எனக்கு.” திரும்பி என்னைப் பார்த்தார். “ஏம்மா, நீதான படம் போட்டவ. நீ சொல்லு.”

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மகளின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முந்தானைக்குள் அந்தக் கை அசையாமல் இருந்தது.

“அவங்க கைதாங்க” என்றேன். “இல்லாத வெரல நான்தான் டச்சிங்ல வெச்சேன். மோதிரம் எங்க கடையில எல்லாருக்கும் அந்த ஒண்ணுதாங்க. நீங்க வேற வூட்லயும் பாத்திருப்பீங்க. பாப்பாரப்பட்டியில நெறைய வூட்ல இருக்குது.”

அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். நான் பல் தெரியச் சிரித்தேன். கடைசியில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மழை பெய்ததா என்று கேட்டார். காபி குடித்தார், மதியம் சாப்பிட்டார், மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். போகும்போது வாசலில் நின்று, தனக்கும் செத்துப்போன தன் வீட்டுக்காரருக்கும் அதேபோல ஒரு ஜாயிண்ட் போட முடியுமா, தோள்மேல் கை வைத்தாற்போல, என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்.

நான் டம்ளர்களை எடுக்க உள்ளே வந்தேன். மாமியார் கட்டிலைவிட்டு இறங்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பிக்கொண்டிருந்தார். பின்கதவருகே நின்று, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“தொழில் கத்துக்க உனக்கு இத்தன வருசம் ஆயிருக்குது.”